அந்தப் பைகளில் ஷூவை வைக்கச் சொல், தேவகி

அன்புள்ள தேவகிக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீ போன ஐப்பசியிலிருந்து இன்றுவரை, உன் அண்ணன் என்ன பேசினாலும், வீட்டு ஓனர் எதற்குத் தடை போட்டாலும், வாசலில் யார் எதைக் குவித்துவிட்டுப் போனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். இடையிடையே கத்தியிருக்கிறேன். அது பேச்சில் சேராது. சொல்ல வேண்டியதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். பக்கத்தில் நின்று யார் கேட்டாலும் கேட்கட்டும்.

திங்கட்கிழமை காலையில் நம் பையன் வெளியே போக வேண்டும். விஷயம் அவ்வளவுதான். ஒரு வீட்டிலிருந்து ஒரு ஆள் தெருவுக்குப் போவது. இதற்குப் பக்கம் பக்கமாகக் கடிதமா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். அந்தப் பாசேஜைக் கடப்பது என்னவென்று உனக்குத் தெரியாததா?

உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதை இன்னும் சிலர் படிக்கப்போகிறார்கள். நம் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்வேன். கோபித்துக்கொள்ளாதே.

தெருக்கதவுக்கும் நம் கதவுக்கும் நடுவே ஒரு பாசேஜ். ஒரு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனால் பக்கத்தில் இன்னொரு ஆள் நிற்க முடியாது. வலது பக்கம் கம்பி கிரில் வைத்த மாடிப்படி. மேலே இரண்டு மாடியிலும் ரூம்கள். ஒவ்வொரு ரூமிலும் ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் உள்ள கம்பெனிகளில் வேலை செய்கிற பையன்கள். புதிதாக டைல்ஸ் போட்டதிலிருந்து மாடிக்கு ஷூவோடு ஏறக் கூடாது என்பது ஓனரின் சட்டம். ஆயிலும் கிரீஸும் மிதித்த ஷூ அது, அவரையும் குறை சொல்ல முடியாது. குறை சொல்லத்தான் போகிறேன், அது பிறகு. ஆக, எல்லாரும் ஷூவைக் கழற்றுவது கீழே, அந்தப் பாசேஜில்.

கம்பெனி கொடுக்கிற ஷூ. முன்பக்கம் இரும்பு வைத்தது, செங்கல் கனம். காலால் ஒதுக்கினால் நகராது. அதன் மேல் சக்கரம் ஏறாது. நம் பையன் டிரெய்னியாகச் சேர்ந்த புதிதில் வாலாஜாபாத் ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி அவன் பைக்கைத் தட்டிவிட்டுப் போனது. அன்றிலிருந்து அவனுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை. சக்கர நாற்காலிதான் கால். இப்போது படிக்கிற எல்லாருக்கும் விஷயம் புரிந்திருக்கும்.

எனக்கு அப்போது தோன்றியதெல்லாம் அறிவிப்பு எழுதி ஒட்டுவதுதான். "காலணிகளை வழியில் விடுவது மனிதத்தன்மை அன்று" என்று ஒட்டினேன். கீழே என் பெயர், பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டம். மறுநாள் அதற்கு அடியில் எவனோ பேனாவில் எழுதியிருந்தான்: "காலேஜ்ல சொல்லுங்க சார்." நீ அதைப் படித்துவிட்டு அடுப்படியில் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். நான் பார்க்கவில்லை என்று நினைத்தாயா?

நீ செய்தது வேறு. ஓனர் தண்ணீருக்காக ஒரு போர் போட்டார், புகைதான் வந்தது. உருவி எடுத்த நீலக் கேசிங் பைப்புகள் தெருவோரம் கிடந்தன. நீ போய் நின்றாய்.

"அத்த வெச்சிக்கினு இன்னாமா பண்ணப்போற?"

"வளையல் செஞ்சி ஓனரம்மாவுக்குப் போட்டு வுடப்போறேன்ணா."

"அவ கைக்குப் பத்தாதும்மா" என்றார் ஓனர். பைப் உனக்கு வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிளம்பரைக் கூப்பிட்டு முழங்கை நீளத்துக்கு அறுக்கச் சொன்னாய். வெட்டு விளிம்பை உப்புத்தாளால் நீயும் பையனும் மழமழவென்று தேய்த்தீர்கள். ஓட்டை போட்டு, கேபிள் டை மாட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் படிக்கட்டுக் கிரிலோடு சேர்த்துக் கட்டினாய். தேன்கூடு மாதிரி இருந்தது. ஒரு வாய்க்கு ஒரு ஜோடி. கார்களுக்குள் போகிற ஒயர்களைக் கட்டுகிற லைனில் பத்து வருஷம் நின்றவளுக்குக் கட்டச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

பையன்கள் அதிகம், வாய்கள் குறைவு. "எப்படி பத்தும்?" என்று நான் கேட்டேன். "எல்லாரும் ஒண்ணா எங்கங்க வூட்ல இருக்காங்க?" என்றாய். காலை ஷிப்டுக்காரன் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினால், அந்த வாயில் நைட் முடித்து வருகிறவன் வைப்பான். இவன் தூங்கி எழுந்து கிளம்பும்போது அவன் வந்திருப்பான். எல்லார் ஷூவும் ஒரே அச்சு என்பதால் மாறிப் போகாமல் இருக்க, லைனில் மிஞ்சுகிற கலர் டேப்பைக் கொண்டுவந்து ஒவ்வொருவன் ஷூவிலும் பின்பக்கம் சுற்றிவிட்டாய். யாரிடமும் கெஞ்சவில்லை. யாரையும் திட்டவில்லை. வாசலில் நின்று, "கண்ணு, உன் வூடு அது, உன் ஷூ வூடு இது" என்று இரண்டு நாள் காட்டினாய். மூன்றாம் நாள் பாசேஜ் காலியாகக் கிடந்தது.

அன்று சாயங்காலம் அவன் தானாக உருட்டிக்கொண்டு டீக்கடை வரை போனான். நீ கதவோரம் நின்று பார்த்தாய். திரும்பி வரும்போது மடியில் உனக்கு ஒரு வடை பார்சல். எண்ணெய் ஊறிய அந்தப் பேப்பர்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவன் மடியில் இருந்த பொருளை அவன் உணரவில்லை. சூடு தெரியவில்லை அவனுக்கு. நீ பார்சலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொதிக்குதுடா, தொட சுட்டுச்சா பாரு" என்று பதறினாய். பிறகு நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். எதற்குச் சிரித்தீர்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். நெஞ்சு எரியுது என்று சொல்லிவிட்டு, சோடா ஒன்றைக் குடித்துவிட்டுப் படுத்தாயே, என்ன அவசரம் உனக்கு? என்னை ஒரு முறை எழுப்பியிருக்கக் கூடாதா?

நீ போன அன்று மழை. உன் அண்ணன் காஞ்சிபுரத்திலிருந்து வந்து இறங்கியதும் முதல் வேலையாகப் பாசேஜைப் பார்த்தார்.

"மாப்ள, இது இங்க இருந்தா ஐஸ் பொட்டி உள்ள வராது. டேய், கட்டைப் பிரிச்சி மேல ஏத்துங்கடா."

கேபிள் டைகளை அறுத்தார்கள். உன் தேன்கூடு மொட்டை மாடிக்குப் போனது. ஐஸ் பெட்டி உள்ளே வந்தது. அதற்குப் பின்னால் ஊர் வந்தது. உன் கம்பெனி லைன் முழுக்க வந்தது. தெருவில் மழைத் தண்ணீர் ஓடியதால் எல்லாரும் செருப்பைப் பாசேஜுக்குள் கழற்றிவிட்டு உன்னைப் பார்க்க வந்தார்கள். செருப்பின் மேல் செருப்பு. உன்மேல் இத்தனை பேருக்கு அன்பு இருந்தது என்பதற்கு அதுதான் அளவு. அந்த அன்பைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

"ராகு காலம் வருது, எடுத்துருங்க, எடுத்துருங்க" என்று உன் அண்ணன் விரட்டினார். உன்னை வெளியே பந்தலுக்குக் கொண்டுபோனார்கள். குளிப்பாட்டினார்கள். பையனால் நடந்து வர முடியாது என்பதால் கொள்ளிச்சட்டி என் கையில். "சட்டி எடுத்தவங்க திரும்பிப் பாக்கக் கூடாது மாப்ள, நேரா போங்க" என்றார். நேராகப் போனேன். பறைச் சத்தத்தில் பின்னால் யார் கூப்பிட்டாலும் கேட்டிருக்காது.

நம் பையன் கூப்பிட்டான், தேவகி.

மேல் ரூமில் இருக்கிற தென்காசிப் பையன் இசக்கி பிற்பாடு சொன்னான். நாற்காலியை உருட்டிக்கொண்டு பாசேஜ் நடுவரை வந்திருக்கிறான். சக்கரத்துக்குள் செருப்பு வார் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. "நானும் அள்ளி அள்ளிப் போட்டேன் சார். போடப் போட வந்துட்டே இருந்துச்சு. அவன் 'அம்மாவ நிறுத்தச் சொல்லுங்க, அம்மாவ நிறுத்தச் சொல்லுங்க'ன்னான். நான் ஓடி வந்து பார்த்தா, நீங்கல்லாம் தெருமுனை தாண்டிட்டீங்க."

நான் இதை உன் அண்ணனிடம் சொன்னேன். "அவன் வந்து இன்னா பண்ணப்போறான் மாப்ள, பாவம், உள்ளவே இருந்தது நல்லதாப்போச்சு" என்றார். நல்லதாகப் போயிற்றாம். இந்த ஒரு வார்த்தைக்காக அந்த மனிதரை என் ஆயுசுக்கும் நான் விடப்போவதில்லை. இதைப் படித்துவிட்டு யாராவது அவரிடம் போய்ச் சொன்னாலும் எனக்குச் சரிதான்.

அன்று உள்ளே போனவன்தான். அதன் பிறகு அவன் அந்தக் கதவைத் தாண்டவில்லை. ஐப்பசி வந்தால் வருஷம் திரும்பப்போகிறது. டாக்டருக்குக்கூட வரமாட்டேன் என்கிறான். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கம்பெனி பஸ்கள் திரும்புவதைப் பார்க்கிறான். முதுகில் புண் வந்து ஆறியிருக்கிறது. சாப்பாடு பாதி. பேச்சு அதிலும் பாதி. வெளியில் சிக்னலைத் தாண்டிப் பெரிய பாலம் கட்டுகிறார்கள், நீ பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை.

பாசேஜ் பழையபடி ஆகிவிட்டது. நான் கத்தினேன். ஒரு நாள் ஆத்திரத்தில் எல்லா ஷூவையும் அள்ளி மழையில் தெருவில் எறிந்தேன். ஆரணிப் பையன் பிரகாஷ் ஓடி வந்தான். "இன்னா சார் நீங்க? ஈர ஷூவோட போனா சூப்பர்வைசரு லைன்ல நிக்க வுட மாட்டான் சார். ஒரு நாள் ஆப்சென்ட் போட்ருவான்" என்றான். அவன் கண்ணிலும் தண்ணீர். மழையா, அழுகையா தெரியவில்லை. நானும் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

இப்போது உனக்கு ஒரு நல்ல செய்தி. உன் லைனில் பக்கத்தில் நின்ற கஸ்தூரி, இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறாள். அங்கே ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று. "தேவகி பையனை அனுப்புங்கண்ணா, நான் பேசிட்டேன். உள்ள சறுக்குப் பாதைல்லாம் கீது, கஷ்டம் இல்ல" என்றாள். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு இன்டர்வியூ. ஆட்டோவும் சொல்லிவிட்டேன், தெருக்கதவுக்கு நேரே வந்து நிற்கும்.

அவனிடம் சொன்னேன். எத்தனை மணிக்கு என்று கேட்டான். பிறகு, "வரேம்ப்பா" என்றான். "ஆனா நானே உருட்டிக்கினு போவேன். செருப்பு கீது, ஷூ கீதுன்னு என்னத் தூக்கினீங்கன்னா அப்படியே திரும்பிருவேன். தூக்கறதா இருந்தா அன்னிக்கே தூக்கியிருக்கலாம்."

இதற்கு நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

படிக்கிறவர்கள் கேட்கலாம்: இவ்வளவு புலம்புகிற ஆள், திங்கட்கிழமை காலையில் குனிந்து ஷூக்களை ஒதுக்கிவிட்டால் முடிந்ததே என்று. திங்கட்கிழமை ஷிப்ட் மாறுகிற நாள். நைட் முடித்தவர்கள் வந்து விழுவார்கள். மதிய ஷிப்டுக்கு மாறியவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். வாரத்திலேயே அந்த நேரத்தில்தான் பாசேஜ் நிரம்பி வழியும். நான் ஒதுக்க ஒதுக்க மேலே விழும். அவன் கண்ணுக்கு முன்னால் அவனுக்காக நான் முட்டி போட்டு ஷூ பொறுக்குவதைப் பார்த்தால் அவன் வெளியே வருவானா? சரி, ஒரு நாள் பொறுக்கினேன் என்றே வையுங்கள். வேலை கிடைத்துவிட்டால் மறுநாள்? அதற்கு மறுநாள்?

உன் பைப்புகளைத் தேடி மொட்டை மாடிக்குப் போனேன். இருக்கின்றன, தேவகி. ஓனரம்மா ஒவ்வொன்றையும் நிமிர்த்தி வைத்து மண் கொட்டி வெந்தயக்கீரையும் புதினாவும் போட்டிருக்கிறார். "கீர நல்லா வருது சார். ரெண்டு அறுப்பு ஆவட்டும், குடுத்துர்றேன்" என்றார். இரண்டு அறுப்பு! என்னால் சிரிக்கவும் முடியவில்லை. அந்தம்மா ஒரு கட்டுக் கீரையும் கையில் கொடுத்து அனுப்பினார். அதைத்தான் அன்று பருப்பில் போட்டுச் சாப்பிட்டோம். கீரை நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல்.

சுவரில் பலகை அடிக்கலாம் என்று ஓனரிடம் கேட்டேன். "செவுத்துல மட்டும் ஆணி அடிக்காதீங்க சார், இப்பத்தான் பெயின்ட் வுட்டேன்." தரையில் எதை வைத்தாலும் வழி குறையும். மிஞ்சியது படிக்கட்டுக் கிரில். அதில் தொங்கவிடலாம். துணி தாங்காது, ஷூவின் கனத்தில் கிழியும். கோணி ஈரம் பிடிக்கும். பரணில் கையை விட்டேன். உன் ஃபிளெக்ஸ் பேனர் கையில் வந்தது.

தெருமுனையில் உனக்காக உன் அண்ணன் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனர். உன் படம் ஓரத்தில் சின்னதாக. கைகூப்பிய உன் அண்ணன் நடுவில் ஆள் உயரத்துக்கு. செத்தது அவர்தான் என்று நினைத்துத் தெருவில் இரண்டு பேர் துக்கம் விசாரித்தார்கள். உனக்கு இதைச் சொல்லிச் சிரிக்க இத்தனை மாதம் காத்திருந்தேன்.

உன் படத்தை மட்டும் அளவாக வெட்டி எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். மீதியை எழுத்து உள்பக்கம் வருகிற மாதிரி அடியிலிருந்து மேலே மடித்து, கோணி ஊசியும் நைலான் நரம்பும் வைத்துத் தைக்க ஆரம்பித்தேன். பையன் ஜன்னலை விட்டு நாற்காலியைத் திருப்பினான்.

"ஒத்தையா தெச்சா ஸ்டீல் டோ ஷூவ தாங்காதுப்பா. டபுளா மடிங்க. மடிப்புக்குள்ள ஒயரிங் பைப்ப விடுங்க, தொங்காது."

சொன்னதோடு நிற்கவில்லை. பக்கத்தில் வந்து பேனரைப் பிடித்துக்கொண்டான். வரிசை வரிசையாகப் பைகள். பேனரில் ஏற்கெனவே இருந்த வளையங்களில் கேபிள் டை மாட்டிக் கிரிலில் கட்டினேன். வழியில் ஒரு விரற்கடைகூட நீட்டிக்கொண்டு இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளை. ஷூவை எடுத்து வைத்துப் பார்த்தோம், தாங்கியது. அவன் வாசலில் நின்று, ஆமாம் தேவகி, நம் கதவு வரைக்கும் வந்து நின்று, பாசேஜை ஒரு தடவை முழுக்கப் பார்த்தான்.

உன் அண்ணன் காதுக்கு எப்படியோ போய்விட்டது. போன் வந்தது.

"இன்னா மாப்ள, என் போட்டோ மேல செருப்ப வெச்சிக்கிறியாமே?"

"நீங்க கீழ் வரிசை மச்சான். மழச்சாரல்கூட படாது" என்றேன்.

அதோடு அவர் பேசவில்லை. அதில் எனக்கு நஷ்டம் இல்லை.

ஆனால் யாரும் அந்தப் பைகளில் ஷூ வைக்கவில்லை. ஒருத்தன்கூட. முதல் நாள் விட்டுப்பார்த்தேன். இரண்டாம் நாள் படியடியில் நின்று பிரகாஷை மறித்தேன். என்னை அவமானப்படுத்தத்தான் செய்கிறான் என்று நினைத்தேன். சண்டைக்கு எல்லா வார்த்தையும் தயாராக வைத்திருந்தேன்.

"சார், தப்பா நென்ச்சிக்காதீங்க. அது அக்கா பேனரு. அதுல போயி ஷூவ வெச்சா நாங்க வெளங்குவமா?"

"அக்கா படத்தை எடுத்துட்டேன்பா. எழுத்தும் உள்பக்கம் இருக்கு."

"உள்ள இருந்தா? கைய வுட்டா கண்ணீர் அஞ்சலின்னு தட்டுப்படுதே சார்."

பின்னால் நின்ற இசக்கி ஷூவைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். "எனக்குக் காய்ச்சல்னா கஞ்சி வச்சுக் குடுத்தவங்க சார். அவங்க பேரு போட்டதுல எப்படி மிதியடிய வைக்கது? கை வரலைலா."

புதிதாக வந்திருக்கிற பீகார் பையன் ஒருவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவன் மட்டும் நிம்மதியாக ஷூவைப் பையில் செருகினான். இவர்கள் இரண்டு பேரும் பாய்ந்து போய் அதை எடுத்துத் தரையில் வைத்து, பையைக் கையால் துடைத்து, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அந்தப் பையன் என்ன தப்பு செய்தோம் என்று புரியாமல் என்னைப் பார்த்தான். நான் யாரைப் பார்ப்பேன்?

கேட்டாயா, தேவகி? என்னை மதிக்காமல் ஷூவை வழியில் விட்ட வரைக்கும் எனக்குச் சண்டை போட வழி இருந்தது. இப்போது உன்னை மதித்து வழியில் விடுகிறார்கள். உன் பெயரில் ஷூ படக் கூடாது என்று, உன் பிள்ளை போகிற வழியில் வைக்கிறார்கள். இதை நான் எங்கே போய் முறையிடுவது? என்ன படித்து என்ன? இந்த மரியாதைக்கு எதிராகப் பேச எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அன்று உன்னைப் பார்க்க வந்தவர்களும் இப்படித்தானே மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள்?

வேறு பிளாஸ்டிக் தார்ப்பாய் வாங்கித் தைக்கலாம். தைக்க ஆரம்பித்தேன். "விடுங்கப்பா, வேணாம்" என்று அவன் நாற்காலியை ஜன்னலுக்கே திருப்பிவிட்டான். கூடப் பிடித்துத் தைத்தது இது. இதை அவிழ்த்தால் அவன் வரமாட்டான். எனக்கு அது தெரியும். இன்று சனிக்கிழமை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. நாளை ஒரு நாள்தான் நடுவில். அவன் இந்த முறை உள்ளேயே இருந்துவிட்டால் அப்புறம் வெளியே வரமாட்டான். அப்பனாக எழுதவில்லை, ஒரு வருஷமாகப் பக்கத்திலிருந்து பார்த்தவன் எழுதுகிறேன்: அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வருகிறான்.

அதனால்தான் உன்னைக் கூப்பிடுகிறேன். அவர்கள் கேட்பது உன் வார்த்தையைத்தான். நீ சொல். "கண்ணு, அதுல வையி" என்று ஒரு தடவை சொல்லிவிடு. நீ அந்தப் பேனரில் இல்லை. அது அச்சடித்த கடையில் யாரோ தட்டிய எழுத்து. நீ கட்டி வைத்தது ஷூவுக்கு இடம். லைனில் நின்று கால் வீங்கிப்போய் நீ கழற்றி வைத்த ஷூவும் இவர்கள் ஷூவும் ஒன்றுதானே? உழைத்து வந்து கழற்றுகிற ஷூ பட்டால் உனக்குக் குறைந்துபோகுமா? நீ அப்படிப்பட்டவளா?

தம்பிகளே, உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையில் கை விடும்போது எழுத்து தட்டுப்பட்டால் படட்டும். ஷூவை உள்ளே வையுங்கள். அக்காவுக்குச் செய்கிற மரியாதை அதுதான். வேறு எந்த மரியாதையும் அவளுக்கு வேண்டாம், மாலை வேண்டாம், பேனர் வேண்டாம். அவள் பிள்ளைக்கு வழி வேண்டும். பீகார் தம்பிக்கு யாராவது இதைப் படித்துச் சொல்லுங்கள், அவன் செய்தது சரி என்று. நான் உங்கள் ஷூவை மழையில் எறிந்ததற்கு உங்களுக்கு என்மேல் கோபம் இருந்தால் அது அப்படியே இருக்கட்டும். எனக்கும் உங்கள்மேல் இருக்கிறது. கோபத்தோடே வையுங்கள். பரவாயில்லை.

தேவகி, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். திங்கட்கிழமை அவன் இந்தக் கதவைத் திறக்கும்போது நான் அவனுக்குப் பின்னால்தான் நிற்பேன். நாற்காலியின் கைப்பிடியைத் தொட மாட்டேன். அவசரப்படுத்த மாட்டேன். யாரையும் அதட்ட மாட்டேன். ஒரு ஷூ கிடந்து அவன் நின்றுவிட்டால், அவன் என்ன செய்வான் என்று பார்ப்பேன். அவன் திரும்பிவிட்டால் நானும் கூடத் திரும்பி, கதவைச் சாத்திவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அப்படி ஆகக் கூடாது. அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ள என்னிடம் இந்தக் காகிதங்களைத் தவிர எதுவும் இல்லை.

நான் இதை எழுதுவது பையனுக்குத் தெரிந்துபோய், "எம்பேரச் சொல்லி யார்கிட்டயும் எதுவும் கேக்காதீங்கப்பா" என்றான். கேட்கவில்லை. இதில் அவன் பெயர் எங்கேயும் இல்லை, வேண்டுமானால் தேடிப் பார்க்கட்டும்.

"உன் வீட்டுக்காரர்" என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட வேண்டிய இடம் இது. போட்டால் இது என் சண்டை ஆகிவிடும். என்னோடு பேசாதவன் படிக்காமல் மேலே ஏறிவிடுவான். போடாவிட்டால் யாருடைய வார்த்தையாக வேண்டுமானாலும் இருக்கும். உன்னுடையதாகக்கூட இருக்கலாம். அதனால் பெயர் எழுதவில்லை. ஆணி அடிக்கத்தானே கூடாது, டேப் ஒட்டலாம். படிக்கட்டுக்கு நேர் எதிரே, குனிந்து லேஸ் அவிழ்க்கிறவன் கண் மட்டத்துக்கு, இப்படியே கொண்டுபோய் ஒட்டிவிடுகிறேன்.